பொடி எழுத்து ஊரின் அணி

பிள்ளைகளே, போன மாதம் பாண்டிச்சேரியில், கடற்கரைக்குப் பின்தெருவிலிருக்கும் வாசகசாலையில், நான் பிரெஞ்சுப் பத்திரிகைக் கட்டு ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு கடைசிப் பக்கங்களை மட்டும் புரட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து நீங்கள் வாசலில் நின்று சிரித்தீர்கள். "அப்பாவுக்கு இங்கிலீஷே இழுபறி, இதுல பிரெஞ்சு வேறயா?" என்று பெரியவன் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்குக் கோபமில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பிரெஞ்சில் எனக்குப் படிக்கத் தெரிந்தது ஒரே ஒரு சொல். அது ஓர் ஊரின் பெயர். அந்தப் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிற எண், எதிர்ப்பக்கத்து எண்ணைவிடப் பெரிதா சிறிதா என்று பார்ப்பேன். அவ்வளவுதான் என் படிப்பு. பெரும்பாலும் சிறிதாகத்தான் இருக்கும்.

திரும்பி வரும்போது ரயிலில் சின்னவள், "ஜெயிக்கிற டீமைப் புடிச்சாலாவது ஒரு அர்த்தம் இருக்கு. உலகத்துல வேற டீமே கெடைக்கலியாப்பா?" என்று கேட்டாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். கேள்வி சின்னது, பதில் பெரியது, அதில் பாதி வெட்கப்பட வேண்டியது. வாயால் சொன்னால் நடுவில் நிறுத்திவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த ஊரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நான் உச்சரிக்கிற மாதிரி எழுதினால் அந்த ஊர்க்காரனுக்கே அது தன் ஊர் என்று தெரியாது. நான் வேலை செய்த தையற்கடையில் அதற்குப் 'பொடி எழுத்து ஊர்' என்று பெயர். பெரிய அணிகளின் ஆட்டமெல்லாம் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வரும். இந்த ஊரின் ஆட்டம் கடைசிப் பக்கத்தில், கீழ் மூலையில், எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில் வரும். அந்த ஊரில், பந்தாட்ட மைதானத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில், பாண்டிச்சேரிக்காரன் ஒருவன் புதைக்கப்பட்டிருக்கிறான். எங்கள் கடையில் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த அண்ணனுக்கு அவன் உயிர்ச் சிநேகிதன். இதை உங்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு யாரும் முதலில் சொல்லவில்லை. தெரியாமல் இருந்த காலத்தில் நான் நடந்துகொண்ட விதத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

மயிலாப்பூரில் லஸ்ஸிலிருந்து சாந்தோம் பக்கம் போகிற வழியில் அந்தக் கடை இருந்தது. சுதந்திரம் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்த சமயம். பாண்டிச்சேரி மட்டும் இன்னும் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தது. முதலாளி, பரம்பரையாக அந்தத் தெருக்களிலேயே இருக்கும் கத்தோலிக்கக் குடும்பத்தவர். சாமியார்களுக்கு அங்கி, கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடப் பெண்களுக்கு யூனிபார்ம், பூசைக்கு உதவும் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை எல்லாம் எங்களிடம்தான் வரும். முதலாளி அளவெடுப்பார். திருவல்லிக்கேணியிலிருந்து வரும் மாமா ஒருவர் கால்சட்டை தைப்பார். யாருக்கு மாமா என்று தெரியாது. கடைக்கு வருகிற போலீஸ்காரர்கூட அவரை மாமா என்றுதான் கூப்பிடுவார். நான் மந்தைவெளியிலிருந்து நடந்து வருவேன். எனக்குப் பத்தொன்பது வயது. மேல்சட்டையும் சில்லறைத் தையலும் என் வேலை.

காஜா அண்ணன் பாண்டிச்சேரிக்காரர். சண்டைக் காலத்தில் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து பாலைவனம், கடல் எல்லாம் தாண்டி பிரான்சு தேசம் வரைக்கும் போய் வந்தவர். பாண்டிச்சேரியில் படையாளைச் 'சொல்தா' என்பார்கள். முதலாளியும் அவரைச் சில வேளை அப்படித்தான் கூப்பிடுவார். அவர் முதலாளியை 'மிசியே' என்பார், ஐயா என்று அர்த்தம். அங்கே மலையடிவாரத்துப் பனியில் அவருடைய இடது கை விரல் நுனிகள் மரத்துப்போய்விட்டன. ஊசி குத்தினாலும் அவருக்குத் தெரியாது. வெள்ளைத் துணியில் சிவப்புப் பொட்டு விழுந்த பிறகுதான் விரலைப் பார்ப்பார். அதனால் முதலாளி அவருக்குக் கறுப்பு அங்கிகளை மட்டும் கொடுப்பார். சாமியார் அங்கியில் கழுத்திலிருந்து கால்வரைக்கும் பொத்தான்தான், ஆகையால் அவருக்கு வேலைக்குக் குறைச்சலில்லை.

பிரெஞ்சுப் பத்திரிகை எங்கள் கடைக்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். படிப்பதற்கு வரவில்லை, வெட்டுவதற்கு வந்தது. துணியில் கத்தரி வைக்கும் முன் அதே அளவைக் காகிதத்தில் வெட்டிப் பார்ப்போம். அதற்குப் 'பேட்டர்ன்' என்று பெயர். சண்டை முடிந்த பிறகும் காகிதப் பஞ்சம் தீரவில்லை. பாண்டிச்சேரியில் கப்பல் கம்பெனியில் வேலை பார்த்த முதலாளியின் மச்சான், அங்கே படித்துப் போட்ட பிரெஞ்சு விளையாட்டுப் பத்திரிகைகளைக் கட்டுக்கட்டாக அனுப்புவார். அகலமான தாள். ஒரு அங்கியின் முதுகு ஒட்டுப்போடாமல் அதில் அடங்கிவிடும். ஆகவே எங்கள் கடைச் சுவரில் ஆணிக்கு ஆணி கால்பந்தாட்டக்காரர்கள் தொங்கினார்கள். ஒருவனுக்குத் தலை இருக்காது, அது கழுத்து வெட்டில் போயிருக்கும். இன்னொருவனுடைய பந்து ஏதோ ஒரு சாமியாரின் அங்கிக் கைத் துண்டில் இருக்கும்.

சாந்தோம் கடற்கரை மணலில் வெறுங்காலோடு பந்து விளையாடி வளர்ந்தவன் நான். அந்தப் படங்களைப் பார்த்தால் கை தையலில் நிற்காது. "இது யாருண்ணே, ஜெயிச்சாங்களா தோத்தாங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். அண்ணன் படித்துச் சொல்வார். மாமாவும் தலையை நீட்டுவார். கொஞ்ச நாளில் முதலாளிகூட அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்று கேட்க ஆரம்பித்தார். கட்டு வந்து சேரும்போது அந்த ஆட்டங்கள் முடிந்து மாதங்கள் ஆகியிருக்கும். எங்களுக்கு அதெல்லாம் இன்றைக்கு நடந்த ஆட்டம்தான்.

அப்போதுதான் ஆளுக்கொரு அணி வேண்டும் என்ற பேச்சு வந்தது. நான்தான் கிளப்பினேன்.

"இன்னா நைனா, இப்பத்தான் ஒரு வெள்ளக்காரன கப்பல் ஏத்தி அனுப்சோம். அதுக்குள்ள இன்னொருத்தன் டீமுக்கு கை தட்டச் சொல்றியா?" என்றார் மாமா.

"எங்க ஊர்ல அவன் இன்னும் கப்பல் ஏறல மாமா. ஏர்ற வரிக்கும் தட்டிக்கலாம்" என்றார் அண்ணன்.

மாமா தையற்காரர் முறையில் யோசனை சொன்னார். "துணி தைக்கறவன் துணியப் பாத்துதான் டீமு எடுக்கணும். யாரு சட்ட இன்னா கலரு, சொல்லு." பத்திரிகையில் பார்த்தால் எல்லாச் சட்டையும் ஒரே சாம்பல் நிறம். "அட போப்பா, எல்லாப் பயலும் இஸ்திரிப் பொட்டி சாம்பல்ல புரண்டவன் மாரிதான் கீறான்" என்று கையை உதறினார். எந்த ஊரில் மாதா கோயில் பெரிதோ அந்த ஊர்தான் தனக்கு என்றார் முதலாளி. எனக்கு வேண்டியது ஜெயிக்கிற அணி. அந்தச் சமயம் துறைமுக ஊர் ஒன்றின் அணி ஓகோ என்றிருந்தது. கடைசியில் மாமா, முதலாளி, நான் மூன்று பேருமே துறைமுகத்துக்கு அடித்துக்கொண்டோம். அண்ணன் மட்டும், "எனக்குப் பெருசு ஒண்ணும் வேணாம். இந்தப் பொடி எழுத்து போதும்" என்று மூலையைக் காட்டினார்.

சண்டை தீரவில்லை. முதலாளி திருவுளச்சீட்டுப் போடலாம் என்றார். நீங்கள் பார்த்திருப்பீர்கள், நம் பக்கத்தில் வீடு கட்டுவதா வேண்டாமா, எந்த வரனை முடிப்பது என்றெல்லாம் குழம்பினால் சீட்டு எழுதிச் சாமி முன்னால் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வேதக்காரர்களான கிறிஸ்தவர்களும் அப்படித்தான். துறைமுகம், தலைநகர், சுரங்க ஊர் என்று மூன்று சீட்டு எழுதினார். பொடி எழுத்து ஊரையும் எழுதி மடித்தபோது அண்ணன், "அது எனக்குதான மிசியே, அத ஏன் போடணும்?" என்றார். "உனக்கு வேண்டியத ஒதுக்கி வெச்சா அதுக்குப் பேரு சீட்டு இல்லப்பா. ஆண்டவர்கிட்ட பேரம் பேசக் கூடாது" என்று முதலாளி நாலையும் அந்தோணியார் படத்துக்கு முன்னால் போட்டார். மாமா தன் பங்குக்குக் கபாலீஸ்வரர் கோயில் விபூதிப் பொட்டலத்தைப் பக்கத்தில் வைத்தார். புதுநன்மை என்கிற முதல் நற்கருணை வாங்க வெள்ளைச் சட்டை அளவு கொடுக்க வந்திருந்த ஒரு சின்னப் பெண் சீட்டுகளைப் பொறுக்கி ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள்.

அண்ணனுக்குத் துறைமுகம் வந்தது. எனக்குப் பொடி எழுத்து ஊர் வந்தது.

மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நைனாவுக்கு பூதக்கண்ணாடி ஒண்ணு வாங்கிக் குடுங்கப்பா!" எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. அப்போது அண்ணன் தன் சீட்டை என் பக்கம் நீட்டினார். "தம்பி, மாத்திக்கலாமா? தொறமொகத்த நீ எடுத்துக்க." நான் கை நீட்டிவிட்டேன். அதற்குள் மாமா, "டேய், டேய்! சாமி முன்னால எடுத்த சீட்ட மாத்தறதா? கை வெளங்காது" என்றார். முதலாளியும், "அது சரிதான். திருவுளம்னா திருவுளந்தான்" என்றார்.

பிள்ளைகளே, நான் அப்போது சொல்லியிருக்கலாம், விளையாட்டுக்கு எடுத்த சீட்டுதானே, அந்தோணியார் கோபித்துக்கொள்ளமாட்டார் என்று. இரண்டு பேருக்கும் வேண்டியது கிடைத்திருக்கும். ஆனால் அண்ணனுடைய முகத்தைப் பார்த்தேன். அவர் கெஞ்சவில்லை, ஆனாலும் அவருக்கு அது வேண்டும் என்று தெரிந்தது. என்னைவிடப் பன்னிரண்டு, பதிமூன்று வயது பெரியவர், சண்டைக்குப் போய் வந்தவர், அவருக்கு வேண்டிய ஒன்று என் உள்ளங்கையில் இருக்கிறது. எனக்கு வாழ்க்கையில் அதுவரை அப்படி எதுவும் இருந்ததில்லை. சீட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "வேணாண்ணே. சாமி எனக்குன்னு குடுத்துது" என்றேன். அந்தக் குரலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கும் மேல் அது என் அணி. வேடிக்கையைக் கேளுங்கள், என் அணி ஜெயித்ததா தோற்றதா என்று எனக்குத் தெரிய வேண்டுமானால் அதை அண்ணன்தான் படித்துச் சொல்ல வேண்டும். புதுக் கட்டு வந்த அன்றைக்கு அவர் முதலில் கடைசிப் பக்கத்தைப் பிரிப்பார். கீழ் மூலைக்குக் கண் போகும். விரலை வைத்து அந்த வரியைப் படிப்பார். பிறகு நிமிர்ந்து, "தம்பி, உன் ஆளுங்க ரெண்டு போட்டு மூணு வாங்கிட்டாங்க" என்பார். "உன் ஆளுங்க சமமா முடிச்சிட்டாங்க" என்பார். தன் வீட்டுக் குழந்தையைத் தத்துக் கொடுத்தவன் அதன் நலத்தை அந்த வீட்டாருக்கே வந்து சொல்வது போல இருந்திருக்க வேண்டும் அவருக்கு. நான் மிஷினை மிதித்துக்கொண்டே மன்னன் மாதிரி கேட்டுக்கொள்வேன். ஒருமுறை அவர் வாய்தவறி, "நம்ம பசங்க ஜெயிச்சிட்டானுங்க!" என்று கத்திவிட்டார். நான், "யாருண்ணே நம்ம பசங்க? உங்களுது தொறமொகம். எல்லை தாண்டி வராதீங்க" என்றேன். மாமா சிரித்தார், முதலாளி சிரித்தார். அண்ணனும் சிரித்துவிட்டு, ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தார்.

எனக்கும் அந்த அணியின் மேல் ஆசை வந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். முதலில் அண்ணனைச் சீண்டத்தான் வைத்துக்கொண்டேன். ஆனால் தோற்றுத் தோற்று ஒருமுறை ஜெயிக்கிறவனை எவ்வளவு நாள் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க முடியும்? மந்தைவெளியில் என் சிநேகிதர்களிடம் எனக்குப் பிரான்சு தேசத்தில் ஒரு டீம் இருக்கிறது என்று பீற்றிக்கொண்டேன். "மச்சி, அவுங்களுக்கு உன்ன தெரியுமாடா?" என்று கேட்டான் ஒருவன். தெரியாதுதான். அந்த ஊரில் மழை பெய்கிறதா வெயில் அடிக்கிறதா என்றுகூட எனக்குத் தெரியாது. அண்ணனிடம் கேட்டிருக்கலாம். அந்த ஊருக்குப் போயிருக்கிறீர்களா என்று ஒரு நாள் கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. என் ஊரைப் பற்றி அவரிடம் என்ன கேட்பது என்று இருந்துவிட்டேன்.

பிறகு அந்தப் படம் வந்தது. பெரிய அணிகளும் சின்ன அணிகளும் கலந்து ஆடும் கோப்பைப் போட்டி ஒன்றில் பொடி எழுத்து ஊர்க்காரர்கள் ஒரு பெரிய அணியைத் தங்கள் மைதானத்திலேயே தோற்கடித்துவிட்டார்கள். முதல்முறையாகக் கொட்டை எழுத்து, அரைப் பக்கத்துக்குப் புகைப்படம். ஒருவன் எம்பித் தலையால் பந்தை முட்டுகிறான். அவனுக்குப் பின்னால் கோல் கம்பம். அதற்கும் பின்னால் ஒரு தாழ்ந்த சுவர். சுவருக்கு அப்பால் கறுத்த மரங்கள், மரங்களுக்கு நடுவில் சிலுவை முனைகள். எனக்குப் பந்தும் ஆளும்தான் கண்ணில் பட்டது. அண்ணன் அந்தத் தாளை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போய் வைத்துக்கொண்டு நின்றார். டிராம் போயிற்று, இன்னொரு டிராமும் போயிற்று, அவர் நகரவில்லை. உள்ளே வந்து மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, இந்தத் தாள நான் எடுத்துக்கட்டுமா?"

"அண்ணே, இது என் டீம் படம். எனக்கு வேணாமா?"

"வேணுந்தான்" என்று கொடுத்துவிட்டார்.

அதை என் மிஷினுக்கு மேலே சுவரில் குத்தி வைத்தேன். மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவி வந்ததும் அண்ணன் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நிற்பார். கிட்டே போய், படத்தின் மேல் பாதியை உற்றுப் பார்ப்பார். "டிக்கெட் எடுத்துட்டீங்களாண்ணே?" என்பேன். "சும்மா எட்டிப் பாத்துட்டுப் போறேன் தம்பி" என்பார்.

தீபாவளி வந்தது. தையற்கடையில் தீபாவளி என்றால் உங்களுக்குத் தெரியும், உங்கள் சட்டையே எத்தனை வருஷம் விடிகாலையில் வந்திருக்கிறது. முந்தின நாள், வாசலில் ஜனம் நெருக்குகிறது. ஒரு அம்மாள் தன் பெண்ணைக் கூட்டிவந்து நிறுத்திவிட்டு, கையில் சட்டை இல்லாமல் போவதில்லை என்று பெஞ்சியில் உட்கார்ந்துவிட்டாள். வெட்ட வேண்டும். காகிதக் கட்டு தீர்ந்துபோயிருந்தது. அடுத்த கட்டு வரவில்லை. முதலாளி, "எதையாவது எடுத்து வெட்டுப்பா!" என்று கத்தினார். நான் தலைக்கு மேலே கையை நீட்டினேன். படத்தை இழுத்தேன், மடித்தேன், கத்தரி வைத்தேன். சட்டையில் கை நுழைகிற இடத்துக்கு வளைத்து வெட்டுவோமே, அந்த வளைவு நேராகச் சுவரின் மேலேயும் மரங்களின் மேலேயும் போயிற்று. பிறை மாதிரி ஒரு துண்டு கீழே விழுந்தது. என் ஆட்டக்காரன் தப்பித்துவிட்டான் என்று எனக்குச் சந்தோஷம்கூட. துண்டுகளையெல்லாம் வாரி, இஸ்திரிப் பெட்டிக் கரியைப் பற்றவைக்கிற கூடையில் போட்டேன். பெட்டி எரிந்தது, சட்டை முடிந்தது, அம்மாள் போய்விட்டாள்.

டீ குடிக்கப் போயிருந்த அண்ணன் திரும்பி வந்தார். சுவரைப் பார்த்தார். மேஜையில் கிடந்த பேட்டர்னை எடுத்தார். வெட்டுப்பட்ட வளைவுக்குள் விரலை விட்டு, "இங்க இருந்துதே, அது?" என்று கேட்டார்.

"அது கழிவுண்ணே. பொட்டிக்கு போட்டாச்சு. ஆளு பாருங்க, அப்படியே இருக்கான்."

"சரி" என்றார். போய் உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் கையில் கறுப்பு அங்கி. விரலில் ஊசி குத்தியிருந்தாலும் வெளியில் தெரிந்திருக்காது.

மறுவாரம் அந்த அங்கியைக் கொடுக்க முதலாளி என்னைக் காலையிலேயே கோயிலுக்கு அனுப்பினார். பூசை தொடங்குகிற நேரம். பக்கவாசலில் நின்றேன். நவம்பர் மாதம் அவர்களுக்கு இறந்தவர்களின் மாதம். சாமியார் ஜனங்களைப் பார்த்து அன்றைய பூசை யாருக்காக என்று படித்தார். முதலில் பாண்டிச்சேரிக்காரர் ஒருவரின் பெயர். "பிரெஞ்சு தேசத்திலே" என்று சொல்லி, அடுத்து ஓர் ஊர் பெயரைச் சொல்லி, "அவ்விடத்திலே அடக்கம் பண்ணப்பட்டிருக்கிற இவருடைய ஆத்தும இளைப்பாற்றிக்காக" என்று முடித்தார்.

அது என் ஊரின் பெயர். ஒரு வருஷமாக நான் என் டீம், என் டீம் என்று சொல்லிக்கொண்டிருந்த பெயர், பீடத்திலிருந்து வந்தது. முன்வரிசையில் முழங்காலில் நின்றிருந்த முதுகைப் பார்த்தேன். அந்த முதுகை நான் தினமும் பார்க்கிறேன். படத்துக்கு முன்னால் நிற்கும்போதும் அதே முதுகுதான். சிலுவை முனைகள் அப்போதுதான் எனக்கு ஞாபகத்தில் வந்தன, அவை எரிந்துபோன பிறகு.

வெளியே காத்திருந்தேன். அண்ணன் வந்து என்னைப் பார்த்ததும், பூசையில் படித்த பெயர் என் காதில் விழுந்துவிட்டது என்று புரிந்துகொண்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை, ஆனாலும் சொன்னார். கடற்கரைப் பக்கம் நடந்துகொண்டே சொன்னார்.

"ஒரே தெருவு நாங்க. சண்டைக்கு வாடான்னு நான்தான் இட்டுட்டுப் போனேன். குண்டுலலாம் சாகல தம்பி. குளிருல சொரம் வந்து நெஞ்சு அடச்சிக்கிச்சி. அந்த ஊர்ல தங்கியிருந்தப்ப ஒவ்வொரு ஞாயித்துக்கெழமயும் ஆட்டம் பாக்க இழுத்துட்டுப் போவான். அஞ்சு வாங்கிட்டு சிரிச்சிகினே போறானுங்க பாரு, இதுதாண்டா நம்ம டீமுன்னான். அவன் புடிச்ச டீமு அது. நான் புடிச்சதில்ல."

மணலில் இறங்கி நடந்தார்.

"பொதைக்கறப்பவும் அந்தப் பக்கம் ஆட்டம் நடக்குது. பந்து சொவத்த தாண்டி வந்து மண்ணு மேல வுழுந்துடுச்சி. எடுக்க வந்தவன் சொவத்து மேல எட்டிப் பாத்தான். எங்களப் பாத்துட்டு உள்ள போயி என்னா சொன்னானோ தெரியல. ஆட்டம் நின்னுபோச்சி. சொவத்து மேல தல தலயா வந்து நின்னானுங்க, ரெண்டு டீமும். மண்ணு மூடி முடிக்கிற வரிக்கும் ஒருத்தனும் போவல."

நான் அழுதுவிட்டேன். "எடுத்துக்குங்கண்ணே, டீம நீங்க எடுத்துக்குங்க. நான் வெட்டிட்டேனேண்ணே" என்றேன்.

"வெட்டினது காயிதம் தம்பி. அதுக்குன்னே வந்த காயிதம்." அவர் அதைக் கோபமில்லாமல்தான் சொன்னார். அதோடு விட்டிருந்தால் நான் இத்தனை வருஷத்தில் தேறியிருப்பேன். ஆனால் பத்தடி நடந்து, தனக்குத்தானே பேசுகிற மாதிரி சொன்னார். "மூணாவது சிலுவதான் அவன்துன்னு தோணிச்சி. மரம் மறச்சிருந்தது. இன்னொரு தபா வெளிச்சத்துல வெச்சிப் பாத்திருந்தா சரியாத் தெரிஞ்சிருக்கும்."

மன்னிப்புக் கேட்கலாம், அவர் கொடுத்தும்விடுவார். மூன்றாவது சிலுவையை யார் கொடுப்பது? பாண்டிச்சேரியில் அந்தப் பத்திரிகையின் இன்னொரு பிரதி இருக்குமா என்று முதலாளியின் மச்சானிடம் சொல்லித் தேடச் சொன்னேன். எல்லாம் கடைகளுக்குப் பொட்டலம் கட்டப் போய்விட்டது என்று பதில் வந்தது. கடையில் அண்ணன் பழையபடியே இருந்தார். கட்டு வந்தால் பிரித்து, "தம்பி, உன் ஆளுங்க" என்றுதான் ஆரம்பித்தார். இனிமேல் அப்படிச் சொல்லாதீர்கள் என்று நான் கெஞ்சிப் பார்த்தேன். "சீட்டு உங்கிட்டதான் வந்துது. அவன் டீமுக்கு ஒரு ஆளுக்கு ரெண்டு ஆளு இருக்கட்டும்" என்றார். நான் அதற்குத் தகுதி இல்லாதவன் என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு பாண்டிச்சேரிச் சாலையில் சுங்கக் கெடுபிடி வந்தது. பத்திரிகைக் கட்டு வருவது நின்றது. தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குப் போன அண்ணன் திரும்பி வரவில்லை. கப்பலேறிவிட்டார் என்று ஒருவர் சொன்னார். காரைக்காலில் இருக்கிறார் என்று இன்னொருவர் சொன்னார். அவர் இருந்த தெருவில் போய் விசாரித்தேன், வீடு கைமாறியிருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை நான் அந்த வாசகசாலைக்குப் போவது அதனால்தான். சின்னவளே, வேறு டீம் கிடைக்காமல் இல்லை. இது நான் பிடித்த டீம் இல்லை. செத்துப்போன ஒருவன் பிடித்தது, இன்னொருவர் காத்தது, என்னிடம் வந்து சேர்ந்தது. பொடி எழுத்தில் அந்தப் பெயரைப் பார்த்தால் ஆட்டம் நடக்கிறது என்று தெரிகிறது. ஆட்டம் நடந்தால் சுவர் இருக்கிறது. எனக்கு அவ்வளவு தெரிந்தால் போதும்.

அந்த நவம்பர் நாளில் நான் செய்த ஒன்றை உங்கள் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. சாவுச் செய்தி எவ்வளவு காலம் கழித்து வந்தாலும், காதில் விழுந்த அன்றைக்கே தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். உறவுக்காரர்களுக்கு மட்டும்தான் அது. அடுத்த வீட்டுக்காரன் செத்தால்கூட முறை இல்லை. அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது என் அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டேன். கிணற்றில் ஒரு வாளி இறைத்தேன். முகம் பார்த்திராத, என் பெயர் தெரியாத அந்த மனிதனுக்காக, கட்டியிருந்த வேட்டியோடு தலையில் ஊற்றிக்கொண்டேன். தண்ணீர் சில்லென்று இருந்தது. இன்னொரு வாளி இறைத்தேன்.